தண்ணி காட்டிய வழக்கு

பால்காரி என்ற சொல்லைக் கேட்டவுடனே பாலையும் தண்ணீரையும் சேர்த்துப் பகிடி விடுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. போன கிழமை கந்தோரில் ஒருவன் அப்படி ஒரு பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனையை மேசையில் வைத்துவிட்டு, "உனக்கு வெள்ளவத்தைச் சிவக்கொழுந்தக்காவைத் தெரியுமோ?" என்று கேட்டேன். தெரியாது என்றான். "தெரியாட்டில் வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்றேன். பிறகு பாவமாக இருந்தது. அவனுக்கு எப்படித் தெரியும்? எட்டு வருஷமாக நான்தான் இந்தக் கதையை வாய்க்குள்ளே வைத்திருக்கிறேன். இதில் நான் கெட்டிக்காரனாக வருவதில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

என் பெயர் நமசிவாயம். கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். முப்பத்தெட்டாம் ஆண்டு, கலியாணம் கட்டிய கையோடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தேன். அந்த ஒழுங்கையில் பதினொரு வீடுகள். பதினொரு வீட்டுக்கும் பால் ஒரே ஆள்தான்.

சிவக்கொழுந்தக்கா புங்குடுதீவுக்காரி. அவருடைய கணவர் சின்னராசா துறைமுகத்தில் சரக்கு வண்டில் ஓட்டியவர். நெஞ்சில் தொய்வு வந்து, நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிற நிலைமைக்கு ஆளானார். மூன்று பெண் பிள்ளைகள். ஊருக்குத் திரும்பிப் போங்கள் என்று எல்லோரும் சொன்னார்களாம். அக்கா கையில் கிடந்த சோடிக் காப்பைக் கழற்றி விற்றார். ஹெந்தளைக்குப் போய் ஒரு சிவப்புப் பசுவை வாங்கினார். வாங்கியதை வண்டியில் ஏற்றக் காசில்லை. ஹெந்தளையிலிருந்து வெள்ளவத்தைக்கு நடத்தியே கொண்டுவந்தார்.

களனி ஆற்றுப் பாலத்தில் மாடு நின்றுவிட்டது. இரும்பில் கால் வைக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. முன்னும் பின்னும் லொறிகள் கோன் அடிக்கின்றன. அக்கா தோளில் கிடந்த புண்ணாக்குச் சாக்கை எடுத்து அதன் காலுக்கு முன்னால் விரித்தார். மாடு சாக்கில் ஏறியது. ஏறியதும் பின்னால் இழுத்து, திரும்ப முன்னால் விரித்தார். பாலம் முழுக்க இப்படியே, குனிந்து குனிந்து. "ராசாத்திக்கு நிலபாவாடை விரிச்ச மாதிரிப் போய்ச் சேர்ந்தம்" என்று என் மனைவி பாலேஸ்வரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். எனக்கென்றால் அதில் சிரிப்பு வரவில்லை. அந்த நடையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

கால்வாய்க் கரையில், ஒரு தென்னங்காணி மூலையில் அவர்களுடைய குடிசை. குடிசையை விட மாட்டுக்கொட்டில் உறுதியாக இருந்தது. சிவப்பி என்று பேர் வைத்த அந்தப் பசுவோடு, பிறகு கறுப்பி என்று இன்னொன்றும் சேர்ந்தது. ஆனால் நான் சொல்லும் காலத்தில் கறுப்பி சினையாய்ப் பால் வற்றி நின்றது. ஆகவே, சிவப்பியின் நாலு காம்பை நம்பித்தான் ஐந்து வயிறு. சின்னராசா அண்ணை சொல்லுவார்: "இந்த வீட்டில முதல் பந்தி மாட்டுக்கு. ரெண்டாம் பந்தி பிள்ளையளுக்கு. எனக்குப் பந்தியுமில்லை, இலையுமில்லை."

பால் விற்கிற வீட்டில் பால் குடிப்பார்கள் என்று நினைக்கவேண்டாம். அங்கே எல்லோருக்கும் பால் விடாத வெறுந்தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும்தான். ஆனால் அக்கா ஒரு முறை வைத்திருந்தார். மூத்தவளுக்குத் திங்கள், நடுவிலாளுக்குப் புதன், கடைசிக்கு வெள்ளி. அந்தந்த நாளில் அந்தந்தப் பிள்ளைக்கு ஒரு பேணி பால். ஞாயிறு அண்ணையின் மருந்துக்கு. தனக்கென்று அக்கா ஒரு நாளும் வைக்கவில்லை. நடுவிலாளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிழமை நாட்களின் பெயரைக் கேட்டால், "அக்காவின்ரை நாள், செவ்வாய், என்ரை நாள்" என்றுதான் தொடங்குவாளாம்.

இனி அவர் பால் விற்கும் விதத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் வந்தது. விடிய மாட்டையும் கன்றையும் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்கு வருவார். வீட்டு வாசலில், வாங்குகிறவர் கண்ணுக்கு முன்னாலேயே கறப்பார். ஆனால் கறந்த கையோடு அளக்கமாட்டார். செம்பை மதில்மேல் வைத்துவிட்டு, அந்த வீட்டார் சேர்த்து வைத்த கழுநீரை மாட்டுக்கு வைப்பார். மாடு குடித்து முடிக்க, பாலின் நுரை அடங்கிவிடும். பிறகுதான் பேணியை எடுப்பார். ஒருநாள் நான் நேரமாகிறது, இப்படியே அளந்து தாருங்கள் என்று அவசரப்படுத்தினேன். "நுரையை அளந்து விக்கிறது காத்தை விக்கிறது, தம்பி. சூடு ஆறினாத்தான் பால் தன்ரை உண்மையைச் சொல்லும்" என்றார். கண்டறியாத தத்துவம் என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள். நான் கோட் போட்டு, டை கட்டி, ஏழு இருபது ரெயிலுக்கு வாசலில் இறங்குகிறேன். அக்கா என் வீட்டு வாசலில் கறந்து முடித்துச் செம்பைத் தூக்குகிறார். அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்து இறங்கினார், பால் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். அவர் ஒரு பறங்கியர். வேறு ஊரிலிருந்து புதிதாக மாறி வந்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வந்தவர் பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதைப் பாலில் விட்டால், நல்ல பால் என்றால் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் சேர்ந்தது என்றால் தாழும். அதற்கு அதில் கோடு போட்டிருக்கும்.

அக்கா செம்பைக் கையால் பொத்தினார். "பொறுங்கோ ஐயா, ஆறட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, ஆறட்டும் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

நான் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு எட்டு. "அவர் செய்யிறதைச் செய்யட்டும், விடுங்கோ அக்கா" என்றேன். நுரையும் சூடுமாக இருந்த பாலில் குழாய் இறங்கியது, தாழ்ந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. என்னைப் பார்த்து இங்கிலீசில், இந்தப் பெண் தண்ணீர் சேர்க்கிறாளா என்று கேளுங்கள் என்றார்.

இந்த இடத்தில்தான் நான் நாசம் பண்ணினேன். முழுசாகக் கேட்டிருக்கலாம். பாலுக்குள் தண்ணீர் விடுகிறீர்களா என்று கேட்க எத்தனை விநாடி? நான் கேட்டது இவ்வளவுதான்: "அக்கா, தண்ணி என்ன மாதிரி?"

அக்கா மாட்டைத் தடவிக்கொண்டு நின்றவர். அவர் மாட்டுக்காரி. தண்ணீர் என்றால் அவருக்கு முதலில் மாட்டின் தாகம்தான் நினைவு வரும். "விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்காக் காட்டுறனான், தம்பி. மழை நாளெண்டால் ஒருக்காக் காணும்" என்றார்.

மாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதைத் தண்ணி காட்டுவது என்று சொல்லுவோம். மழை நாளில் மாட்டுக்குத் தாகம் குறைவு, ஒரு தரம் போதும். எனக்குத் தெரியாதா? அளவெட்டியில் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் அன்றைக்கு என் காதில் 'ஒருக்கா, ஒருக்கா' என்பது மட்டும்தான் விழுந்தது. "தினமும் இரண்டு தரம், ஐயா. மழை நாளில் ஒரு தரம்" என்று இங்கிலீசில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மழை நாளில் மிச்சத்தை வானம் பார்த்துக்கொள்கிறது போலும் என்றார். நானும் சிரித்தேன். எழுதிய தாளை நீட்டினார். சாட்சி என்ற இடத்தில் என் அழகான கையெழுத்தைப் போட்டுவிட்டு ரெயிலுக்கு ஓடினேன்.

உண்மையைச் சொல்லுகிறேன். அவசரம் மட்டும் காரணமில்லை. பால்காரி என்றால் கொஞ்சம் விடத்தானே செய்வாள் என்ற எண்ணம் என் மனதில் ஒரு மூலையில் கிடந்தது. மூன்று மாதம் அவர் கையால் பால் வாங்கிக் குடித்தவன் நான். வெட்கம் கெட்டவன்.

பத்து நாள் கழித்து, பின்னேரம், அக்கா ஒரு கடுதாசியோடு வந்தார். "உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ தம்பி. இங்கிலீசில கிடக்கு."

வாசித்தேன். புதுக்கடைக் கோட்டில், நீதவான் முன்னால், இன்ன திகதி ஆஜராக வேண்டும். பாலில் தண்ணீர் கலந்த குற்றம். குற்றம் நிரூபணமானால் மாடு வைத்துப் பால் விற்கும் லைசன் ரத்து. தினமும் இரு தரம், மழை நாளில் ஒரு தரம் தண்ணீர் கலப்பதாக அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். சாட்சி: நமசிவாயம்.

அந்த வரியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. வாய் மட்டும் பொய் சொல்லியது: "கோட்டுக்கு வரச் சொல்லியிருக்கு அக்கா. பாலிலை ஏதோ பிழையாம்."

"பிழையோ? என்ரை பாலிலையோ?" அக்கா கடுதாசியை மடித்து இடுப்பில் செருகினார். "போவம். போய்ச் சொல்லுவம். மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம். எனக்குக் கனமெல்லாம் மாட்டின்ரை மடியிலதான்."

அவர் போனபின் பாலேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் ஒளிக்கத் தெரியாதவன். சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை, அதுதான் கூடப் பயமாக இருந்தது. "மாட்டுக்குத் தண்ணி காட்டுறதுக்கு உங்கட கண்டறியாத இங்கிலீசில சொல்லில்லையோ?" என்றாள்.

"அரசாங்க உத்தியோகம், பாலேஸ். கையெழுத்து வைச்சதைப் பிழையெண்டு கோட்டில போய்ச் சொன்னால் கந்தோரில என்ன நினைப்பாங்கள்? அடுத்த மாசம் பதவி உயர்வுச் சோதினையும் கிடக்கு. அவவுக்கும் வழக்குப் பேச ஒரு புறக்டரைப் பிடிச்சு விட்டால்..."

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்" என்றாள். "இனி இந்த வீட்டில நீங்கள் வெறுந்தேத்தண்ணிதான் குடிப்பியள்."

சொன்னபடியே செய்தாள். ஆனால் என்னை அசைத்தது தேத்தண்ணி அல்ல. ஒழுங்கையில் செய்தி பரவிவிட்டது. பதினொரு வீட்டில் எட்டு வீடு பாலை நிறுத்தியது. கழுநீர் வாளியைக்கூட உள்ளே எடுத்து வைத்தார்கள். அக்கா அதே நேரத்துக்கு மாட்டோடு வருவார். மூன்று வாசலில் நிற்பார், எட்டு வாசலைத் தலை நிமிர்த்திக் கடந்து போவார். சனிக்கிழமையோடு எனக்குத் தாங்கவில்லை. கால்வாய்க் கரைக்குப் போனேன்.

சின்னராசா அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்தார். இருக்கச் சொன்னார். மூத்தவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பார்த்தால் பால் தேத்தண்ணி, தடிப்பாக, ஆடை படர்ந்து கிடக்கிறது. அக்காவின் முறை எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒருவருடைய நாளும் இல்லை.

"குடியுங்கோ தம்பி" என்றார் அண்ணை. "இப்ப வெள்ளவத்தையிலேயே நல்ல தேத்தண்ணி எங்கட வீட்டிலதான். பிள்ளையள் மூண்டு நேரமும் பால் குடிக்குதுகள். மிச்சத்தை வாங்க ஆளில்லை, ஊத்தவும் மனமில்லை." மூச்சு வாங்கிக்கொண்டு, "சோறுதான் இல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு அந்தப் பேணியை வாயில் வைக்க முடியவில்லை. அக்கா கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்று, நான் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், நான் பெயர்த்த விதம், போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு ஏச்சுக்குக் காத்து நின்றேன்.

அக்கா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, கோபத்திலா வேறெதிலா என்று எனக்குத் தெரியவில்லை. "தம்பி, இங்கிலீசு படிச்ச அளவுக்கு நீங்கள் தமிழும் படிச்சிருக்கலாம்" என்றார். வேறு ஏச்சு இல்லை. கையைக் கழுவினார், புடவையில் துடைத்தார். "கோட்டில வந்து இதைச் சொல்லுவியளோ?"

"ஓம் அக்கா."

"உத்தியோகத்துக்குப் பழுது வராதோ?"

"வந்தால் வரட்டும்."

"அப்ப சரி. சொல்லை நீங்கள் பாருங்கோ. பாலை நான் பாக்கிறன்."

வழக்கு நாள் காலை நான் லீவு போட்டுவிட்டு புதுக்கடைக்குப் போனேன். கோட்டு வளவில் ஒரே சனக்கூட்டம். என்னவென்று எட்டிப் பார்த்தால், மரத்தடியில் சிவப்பி! பக்கத்தில் கன்று. அக்கா ஐந்து மைலுக்கு மேல் நடத்திக் கொண்டுவந்திருக்கிறார். "சாட்சிக்கு மாட்டையும் கூட்டிக்கொண்டு வந்திட்டா" என்று சனம் சிரித்தது. அக்கா கொஞ்சமும் கூசவில்லை. "வேறை ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது? பால் குடுத்தது அதுதானே" என்றார். மாட்டின் வாய் காய்ந்து நுரை தள்ளியிருந்தது. நான் ஒரு வாளி தண்ணீர் எடுத்து வரட்டுமா என்றேன். "இப்ப வேண்டாம். தண்ணி எண்ட பேரே என்ரை பக்கத்தில இண்டைக்கு வரக்கூடாது. முடியட்டும்" என்று தடுத்துவிட்டார்.

உள்ளே போகுமுன் ஒரு புறக்டரின் ஆள் வந்து காதோடு காதாகச் சொன்னான்: குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், சின்னக் குற்றப்பணத்தோடு முடியும், கொஞ்ச நாளில் வேறு ஆளின் பெயரில் லைசன் எடுக்கலாம். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்ரை பிள்ளையளைக் கள்ளப் பால்காரியின்ரை பிள்ளையள் எண்டு சனம் சொல்லுறதுக்கோ? போடா அங்காலை."

நீதவான் சிங்களவர், நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. இன்ஸ்பெக்டர் தன் தாளை வாசித்தார். மழை நாள் வரி வந்தபோது கோட்டே சிரித்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். இந்தப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் கொடுப்பதைச் சொன்னார், நான் பாலுக்குத் தண்ணீர் விடுவதாகச் சொல்லிவிட்டேன், பிழை முழுவதும் என்னுடையது என்றேன்.

நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உமக்குத் தாய்மொழி என்ன?"

"தமிழ், ஐயா."

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். நூறு பிரம்படி வாங்கியதுபோல இருந்தது.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. சொல் பிழை என்றே வைத்துக்கொண்டாலும், கண்ணாடிக் குழாய் தாழ்ந்ததே, அது தமிழா இங்கிலீசா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீதவான் அக்காவின் பக்கம் திரும்பினார். கோட்டு மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

அக்கா கை கட்டவில்லை, கும்பிடவும் இல்லை. நேரே நின்று சொன்னார்: "ஐயா, கறந்த சூட்டிலை, நுரையோடை பார்த்தால் எந்தப் பாலும் தாழும். ஆறட்டும் எண்டு அண்டைக்கே சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை. வெளியில மாடு நிக்குது. உங்கட கண்ணுக்கு முன்னாலை கறக்கிறன். சூட்டோடை ஒருக்காப் பாருங்கோ. ஆறினாப்பிறகு ஒருக்காப் பாருங்கோ. ரெண்டுதரமும் தாழ்ந்தால் மாட்டை இஞ்சேயே விட்டிட்டுப் போறன்."

அந்த மாடு போனால் வீட்டில் அடுப்பே இல்லை. அண்ணையின் மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் வைத்துவிட்டார்.

நீதவான் எழுந்தே வந்துவிட்டார். வளவு முழுக்கச் சனம். அக்கா உலர்ந்த துணியால் மடியைத் துடைத்தார், கன்றை விட்டார், இழுத்துக் கட்டினார், செம்போடு குந்தினார். சிவப்பி சுரக்கவில்லை. புது இடம், கூட்டம், சத்தம், தாகம். காம்பைப் பிடித்தால் காலை உதறுகிறது. ஒரு சொட்டு வரவில்லை. இன்ஸ்பெக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். யாரோ, "சாட்சி வாய் திறக்குதில்லை" என்று கத்தினான். எனக்கு அவனை அடிக்கலாம்போல இருந்தது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேணும் என்பார்கள். அக்கா பாடவில்லை. எழுந்து, தோளில் கிடந்த பழைய புண்ணாக்குச் சாக்கை உதறி, சிவப்பியின் முன்னங்காலடியில் விரித்தார். மாடு குனிந்து மணந்தது. ஒரு கால் வைத்தது, மற்றக் காலையும் வைத்தது. "அவ்வளவுதான் மோனை, பாலம் கடந்திட்டம்" என்று அதன் கழுத்தைச் சொறிந்தார். திரும்பக் கன்றை விட்டார். கன்று இரண்டு முட்டு முட்டியது. பிறகு செம்பில் பால் இரைந்தது. அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன்.

இன்ஸ்பெக்டர் குழாயை விட்டார். தாழ்ந்தது. அன்று ஒழுங்கையில் எந்தக் கோட்டில் நின்றதோ கிட்டத்தட்ட அதே கோடு. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நீதவான் கேட்டார். செம்பைக் கோட்டு மேசையிலேயே வைத்து, ஒரு காவலாளியையும் பக்கத்தில் நிறுத்தி, நீதவான் வேறு வழக்குகளைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு மணி நேரம். ஒரு ஆட்டுக் கள்ளன், ஒரு வேலிச் சண்டை, எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. செம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்றால் சுவரோரம் குந்தி, கன்றுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பக் குழாயை விட்டார்கள். இறங்கியது. ஆடியது. நிமிர்ந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். குனிந்து இரண்டு தரம் பார்த்தார். பிறகு தானாகவே உரத்துச் சொன்னார்: "சுத்தமான பால், ஐயா. நான் பொறுத்திருக்க வேண்டும்." தொப்பியைக் கழற்றி அக்காவின் பக்கம் தலை சாய்த்தார். அக்கா லேசாகத் தலையசைத்தார், மன்னிப்பது தன் வேலை என்பதுபோல. வழக்குத் தள்ளுபடி. லைசனுக்கு ஒரு பழுதும் இல்லை.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வந்தது என்று சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

"வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று நீதவான் கேட்டார்.

"ஓம் ஐயா" என்றார் அக்கா. "விடியத் தொடக்கம் சிவப்பிக்கு நாக்கு நனையேல்லை. இனி அதுக்குத் தண்ணி காட்டவேணும்."

கோட்டு மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார், மூடினார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நீதவானும் பார்த்தார். கோட்டே திரும்பிப் பார்த்தது.

நான் எழுந்தேன். டையைச் சரி செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் இங்கிலீசு பேசியதில்லை. சொல் சொல்லாக, அவசரப்படாமல், இந்தப் பெண் தன் மாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க அனுமதி கேட்கிறார் என்று சொன்னேன்.

"நல்ல மொழிபெயர்ப்பு" என்றார் நீதவான். "வாளியையும் நீரே தூக்கும்."

தூக்கினேன். கோட்டும் டையுமாக, கோட்டு வளவுத் தண்ணீர்க் குழாயில் நிறைத்து, நூறு பேர் பார்க்க, காற்சட்டை நனைய நனையக் கொண்டுபோய்ச் சிவப்பியின் முன்னால் வைத்தேன். ஒரே இழுவையில் பாதி வாளி போனது. மிச்சமும் போனது. நான் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பவும் குழாயடிக்கு ஓடத் திரும்பினேன். அந்த நேரம் என் கையில் ஒரு துளி விழுந்தது. பிறகு ஒன்று. மரத்தின் இலையெல்லாம் சடசடவென்று சத்தம் போடத் தொடங்கியது.

அக்கா மாட்டின் கயிற்றை அவிழ்த்து, சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"வாளியை வையுங்கோ தம்பி" என்றார். "மழை நாளெண்டால் ஒருக்காக் காணும்."